புறம்போக்கில் நிற்கும் புதர்களை உலர்தாவரகத் தாளில் பதிவது எப்படி

குப்பம், பலமனேர், சித்தூர், நகரி, சத்தியவேடு என்று நீளும் ஆந்திர எல்லைப் பகுதியில், தமிழ் பேசும் ஊர்களைச் சுற்றி, அடர்ந்த காடு என்றும் சொல்ல முடியாத, வயல் என்றும் சொல்ல முடியாத நிலம் நிறைய இருக்கிறது. மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிக்கரை, கற்குன்று, சாலையோரம், காப்புக்காட்டின் விளிம்பு ஆகிய இந்தப் பொது நிலங்களில் ஆவாரை, விராலி, சூரை, சங்கஞ்செடி, கிளுவை, களா, கள்ளி ஆகியவை யாரும் நடாமல் தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. இது பாலைவனம் அன்று. ஆனால் வறட்சியைத் தாங்கும் அதே தாவரக் குடும்பங்கள் இங்கும் வாழ்கின்றன. ராஜஸ்தானத்து வறண்ட நிலத்தில் வளரும் குக்கிலும் நம் குன்றுகளில் நிற்கும் கிளுவையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

தாவரம் சேகரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் மலையை நோக்கியே போகிறார்கள். திருமலைக்கும் சேஷாசலத்துக்கும் கிடைக்கும் கவனம் ஊரை ஒட்டிய முட்புதருக்குக் கிடைப்பதில்லை. அந்தப் புதர் நின்ற இடம் கல்குவாரியாகவோ வீட்டுமனையாகவோ மாறிய பிறகு, அங்கே என்ன வளர்ந்தது என்று கேட்டால் காட்டுவதற்குச் சான்று இருப்பதில்லை. அந்தச் சான்றை உருவாக்கும் வேலையைக் கல்லூரி மாணவரும் பள்ளி ஆசிரியரும் செடிகளில் ஆர்வமுள்ள எவரும் செய்ய முடியும் என்பதால், அதற்கான முறையை இங்கே எழுதுகிறேன்.

உலர்தாவரகம் (ஹெர்பேரியம்) என்பது உலர்த்திய தாவரங்களைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் சேகரிப்பு. உலர்தாவரக மாதிரி என்பது அழுத்தி உலர்த்திய ஒரு கிளையும், அது எங்கே, எப்போது, யாரால், எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது என்று சொல்லும் விவரச்சீட்டும் சேர்ந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றதற்கு அறிவியல் மதிப்பு மிகக் குறைவு. ஒளிப்படம் இதற்கு மாற்றாகாது. படத்தில் பூவின் உட்புறத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது. இலையின் அடிப்புற மயிரை உருப்பெருக்கியில் காண முடியாது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு துணுக்கை எடுத்து மரபணு ஆய்வு செய்யவும் முடியாது.

புறப்படும் முன்

முதலில் உங்கள் பகுதியிலிருந்து ஏற்கெனவே என்னென்ன பதிவாகியுள்ளன என்று பாருங்கள். தென்னிந்தியத் தாவரங்களுக்கு அடிப்படையான சேகரிப்பு, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் ஆகும். 1853இல் சென்னையில் கிளெகார்ன் என்னும் தாவரவியலாளரின் காலத்தில் தொடங்கிய அந்தச் சேகரிப்பு பின்னர் கோவைக்கு மாற்றப்பட்டது. எல்லைப் பகுதிக்குத் திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் உலர்தாவரகமும், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரகமும் முக்கியமானவை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சேகரிப்பை இணையத்தில் பார்க்கலாம். தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2022இல் தொடங்கிய இந்திய மெய்நிகர் உலர்தாவரகமும், ஜிபிஐஎஃப் (GBIF) என்னும் உலகளாவிய உயிரினப் பதிவுத் தரவுத்தளமும் இருந்த இடத்திலிருந்தே தேட உதவுகின்றன.

தேடும்போது பழைய பெயர்களையும் இட்டுத் தேட வேண்டும். ஆவாரை இன்று சென்னா ஆரிகுலேட்டா. பழைய தாள்களில் அது கேசியா ஆரிகுலேட்டா. வெள்வேல் இன்று வாக்கெல்லியா பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது; முன்பு அது அக்கேசியா. புதுப் பெயரை மட்டும் இட்டுத் தேடிவிட்டு “இங்கே பதிவே இல்லை” என்று முடிவு செய்வது இந்த வேலையில் மிக எளிதாக நேரும் பிழை.

அடுத்தது அனுமதி. பொது நிலம் என்பதாலேயே யாரும் வெட்டலாம் என்று பொருளில்லை. வருவாய்த் துறையின் கீழுள்ள புறம்போக்கு என்றால் ஊராட்சியிடமும் கிராம வருவாய் அலுவலரிடமும் எழுத்தில் தெரிவியுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையின் முன் அனுமதி கட்டாயம். பலமனேர், குப்பம் பக்கத்துக் கௌண்டின்யா சரணாலயம் போன்ற இடங்களுக்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். அங்கே யானைகள் நடமாடுவதால் வனக்காவலர் துணையின்றி உள்ளே போகக் கூடாது. மாதிரியை வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்ப நினைத்தால், 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் வேறு அனுமதிகளைக் கோரும்.

ஆந்திரப் பக்கம் போகும் தமிழ் பேசுவோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். செம்மரக் கடத்தல் காரணமாக, அரிவாளும் பையுமாகக் காட்டோரம் நிற்கும் எவரும் ஐயத்துக்கு உள்ளாகலாம். 2015 ஏப்ரலில் சேஷாசலக் காட்டில் மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரைக் காவல்துறைச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது; அவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அனுமதிக் கடிதத்தின் தெலுங்குப் படியைக் கையில் வைத்திருங்கள். போகும் நாளையும் இடத்தையும் வனப் பிரிவு அலுவலருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். அரிவாளை விட்டுவிட்டுக் கிளை கத்தரியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.

களத்தில் எதை எடுப்பது

பூவோ காயோ இல்லாத கிளையைக் கொண்டு பல புதர்களை உறுதியாக இனங்காண இயலாது. எனவே பருவம் பார்த்துப் போக வேண்டும். இந்தப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கிடைப்பதால், கோடை மழைக்குப் பின் ஒரு முறை, ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஒரு முறை என்று ஒரே இடத்துக்கு இரு பருவங்களில் போவது நல்லது. தாளின் அளவுக்கு மடக்கி வைக்கக்கூடிய, ஏறத்தாழ 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள கிளை போதும். இளம் இலை, முதிர்ந்த இலை, மொட்டு, பூ, காய் ஆகியவற்றில் கிடைப்பவை எல்லாம் அதில் இருக்கட்டும். அந்த இடத்தில் அந்த இனம் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தால் ஒரு சிறு கிளையோடு நிறுத்திக்கொண்டு மற்றதைப் படமெடுங்கள். தாராளமாக இருந்தால் ஒரே செடியிலிருந்து மூன்று, நான்கு படிகள் எடுக்கலாம்.

வறள்நிலப் புதர்களில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிச் செடிகளில் இருப்பவை பல உண்டு. சங்கஞ்செடி, சொத்தைக்களா, வெள்ளைப்பூலா ஆகியவை அப்படிப்பட்டவை. விராலியிலும் பெரும்பாலும் அவ்வாறே. ஒரு செடியில் எடுத்துவிட்டுத் திரும்பினால் பாதிச் செய்திதான் கிடைக்கும். இரண்டையும் எடுத்து, இரண்டு தனி எண்கள் தந்து, ஒன்றின் குறிப்பில் மற்றதன் எண்ணை எழுதுங்கள். கிளுவை வறண்ட மாதங்களில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் என்பதால் பூவும் முதிர்ந்த இலையும் ஒரே நாளில் கிடைப்பது அரிது. அந்தச் செடிக்கு ஓர் அடையாளத் தகடு கட்டி, அமைவிடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த பருவத்தில் அதே செடிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

எண் கொடுப்பதில் ஒழுங்கு வேண்டும். ஒருவர் தம் வாழ்நாளில் எடுக்கும் முதல் மாதிரிக்கு 1 என்று தொடங்கி, ஆண்டு மாறினாலும் ஊர் மாறினாலும் எண்ணை மீண்டும் தொடக்கத்துக்குக் கொண்டுபோகாமல் தொடர்ந்து செல்ல வேண்டும். சேகரித்தவர் பெயரும் அந்த எண்ணும் சேர்ந்துதான் அந்த மாதிரியின் நிலையான அடையாளம்; உலகில் எங்கே அதன் படி போனாலும் அந்த இணை மாறாது.

உலர்ந்த பின் அழிந்துபோகும் செய்திகளைச் செடியின் முன் நின்றபடியே எழுதிவிடுங்கள். செடியின் உயரம், தண்டின் பட்டை உரியும் விதம், பூவின் நிறம், மணம், ஒடித்தால் பால் வருகிறதா, பிசின் வருகிறதா, மண் செம்மண்ணா சரளையா, பாறைச் சரிவு எந்தத் திசையை நோக்கியது, பக்கத்தில் நிற்கும் செடிகள் எவை, ஆடு கடித்த தடம் உண்டா ஆகியவற்றைப் பிறகு எந்த நிபுணராலும் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஊர்ப் பெயரையும் கேட்டு எழுதுங்கள். எல்லையில் ஒரே செடிக்கு இரண்டு மொழிகளிலும் பெயர் இருக்கும். ஆவாரையைத் தங்கேடு என்றும், எருக்கை ஜில்லேடு என்றும், இலந்தையை ரேகு என்றும் தெலுங்கர் சொல்வர். சொன்னவர் எந்த ஊரைச் சேர்ந்தவர், ஆடு மேய்ப்பவரா, விறகு எடுப்பவரா என்பதைக் குறித்தால் போதும். அவருடைய ஒப்புதல் இல்லாமல் பெயரை எழுத வேண்டாம்.

அழுத்துவதும் உலர்த்துவதும்

இரண்டு மரச்சட்டங்கள், அவற்றை இறுக்கும் பட்டை, பழைய செய்தித்தாள், உறிஞ்சும் தாள், இடையே வைக்கச் சில நெளிவு அட்டைகள் இருந்தால் போதும். கிளையை விரித்து, ஓர் இலையாவது அடிப்புறம் தெரியும்படி திருப்பி, பூவை ஒன்றன்மேல் ஒன்று படாமல் வைத்து, தாளின் ஓரத்தில் சேகரிப்பு எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். முதல் சில நாட்கள் நாள்தோறும் தாளை மாற்ற வேண்டும். முதல் நாள் தாள் மாற்றும் போதுதான் இலைகள் துவண்டு, கலைந்ததைத் திருத்தி வைக்க இடம் கொடுக்கும். அந்த நாளைத் தவறவிட்டால் பிறகு ஒடியும். மழைக்காலத்தில் அட்டைகளினூடே மிதமான வெதுவெதுப்பான காற்றைச் செலுத்துவது பூஞ்சணத்தைத் தடுக்கும். கடும் வெயிலில் நேரடியாகப் பரப்பினால் நிறம் கெடும்.

வழக்கமான வழிகாட்டிகள் மென்மையான செடிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. நம் புதர்களோ முள் நிறைந்தவை. சூரையின் கொக்கி முள்ளும் சங்கஞ்செடியின் நேர் முள்ளும் செய்தித்தாளைக் கிழித்து அடுத்த மாதிரியையும் குத்தும். முள்ளின் தடிமனால் அழுத்தம் இலையைச் சேராமல் இலை சுருங்கிப்போகும். கிளையை ஒரு பலகைமேல் வைத்து, மேலே தடித்த அட்டையிட்டு, காலால் மெல்ல மிதித்துத் தட்டையாக்கிய பின் அழுத்துசட்டத்தில் வைக்கலாம். அப்போதும் முள் எழும்பி நின்றால், தாளைத் தொடும் பக்கத்து முட்களை மட்டும் வெட்டி, வெட்டியதைக் குறிப்பில் சொல்லிவிடுங்கள். முள்ளின் வடிவமும் அது நிற்கும் இடமும் இனங்காண உதவும் அடையாளங்கள் என்பதால் எல்லாவற்றையும் நீக்கிவிடக் கூடாது. இலைகள் உள்ள பகுதிக்கு மேல் மெல்லிய நுரைத்தாள் வைத்தால் அழுத்தம் சீராகப் பரவும்.

கள்ளியைச் சேகரிக்கப் பலரும் தயங்குவதற்குக் காரணம் உண்டு. சதுரக்கள்ளியின் துண்டு அழுத்துசட்டத்துக்குள் பல வாரம் உயிரோடு இருந்து, மெல்ல அழுகவும் தொடங்கும். அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பார்வைக் கேடும் நேரலாம். கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொட வேண்டாம். தண்டை நீளவாக்கில் பிளந்து, உள்ளிருக்கும் சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, கொதிநீரில் சிறிது நேரம் முக்கியெடுத்தால் திசு உயிரிழந்து விரைவாக உலரும். ஒரு துண்டைக் குறுக்காக வெட்டி, அதன் விளிம்புகளின் எண்ணிக்கை தெரியும்படி தனியாக உலர்த்துங்கள். முழுச்செடியின் உருவத்தைத் தாள் காட்டாது. ஆகவே இந்த இனங்களுக்கு மட்டும் அளவுகோலுடன் எடுத்த படத்தின் அச்சுப்படியைத் தாளோடு இணைப்பது மிகப் பயனுள்ளது. கிளுவையில் வேறு தொல்லை: பிசின் கசிந்து தாளில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்த்தாள் ஒன்றை இடையே வைத்தால் பிரித்தெடுக்கலாம்.

உலர்ந்ததைப் பூச்சியிடமிருந்து காக்க வேண்டும். பழைய சேகரிப்புகளில் மெர்க்குரிக் குளோரைடு என்னும் கொடிய நஞ்சைப் பூசும் வழக்கம் இருந்தது. அதை நீங்கள் பயன்படுத்தவே கூடாது. பழைய தாள்களைப் புரட்டும்போதும் கையுறை அணிந்து, பின்னர் கையைக் கழுவுங்கள். உலர்ந்த கட்டைக் காற்றுப்புகாத பாலித்தீன் உறையில் மூடி, உறைகுளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்துவிட்டு, வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே உறையைப் பிரித்தால் ஈரம் படியாது.

விவரச்சீட்டு: இடத்தை எழுதும் முறை

என் கருத்தில் இந்த வேலையின் பாதி மதிப்பு இடக் குறிப்பில் இருக்கிறது. எல்லைப் பகுதியில் அது இன்னும் கூடுதல். இங்கே மாவட்டங்களும் மாநிலமும் மாறிக்கொண்டே வந்துள்ளன. 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை சித்தூரும் பலமனேரும் வட ஆற்காட்டில் இருந்தன. அதற்கு முந்தைய தாளொன்றில் “வட ஆற்காடு” என்று மட்டும் இருந்தால், அந்தச் செடி இன்றைய ஆந்திராவில் நின்றதா தமிழ்நாட்டில் நின்றதா என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது. 1953இல் ஆந்திரா தனி மாநிலமானபோது திருத்தணி அங்கே சேர்ந்து, 1960 ஏப்ரலில் சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆகவே இடைப்பட்ட காலத்தில் திருத்தணியில் எடுத்தது “சித்தூர் மாவட்டம், ஆந்திரா” என்றே எழுதப்பட்டிருக்கும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. 2022 ஏப்ரலில் ஆந்திராவில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டு, சத்தியவேடு புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் போனது. ஆகவே பழைய சீட்டைப் படிக்கும்போது ஆண்டைப் பார்க்காமல் மாவட்டப் பெயரை நம்பக் கூடாது. புதிய சீட்டை எழுதும்போது மாவட்டப் பெயரை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது.

நான் பரிந்துரைப்பது இதுதான்: மாநிலம், மாவட்டம், மண்டலம் அல்லது வட்டம், வருவாய்க் கிராமம் ஆகியவற்றை எழுதி, நிலத்தின் வகையையும், அடங்கல் என்னும் கிராம நிலப் பதிவேட்டில் உள்ள சர்வே எண்ணையும் சேருங்கள். இரு மாநிலங்களிலும் அடங்கல் உண்டு. ஆந்திராவில் 2020 இறுதியில் தொடங்கிய மறு நிலஅளவையால் எண்கள் மாறும் ஊர்கள் இருப்பதால், எந்த ஆண்டின் ஆவணத்திலிருந்து எண்ணை எடுத்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். அதன்பின் மாறாத ஓர் அடையாளத்திலிருந்து தொலைவும் திசையும் வேண்டும். ஏரி மதகு, குன்று, பழைய கோயில் ஆகியவை நிற்கும். தேநீர்க் கடையும் சாலைக் கிலோமீட்டர் கல்லும் இடம் மாறும்.

கைப்பேசி தரும் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசம வடிவில் நான்கு இலக்கம் வரை எழுதினால் ஏறத்தாழ 11 மீட்டர் துல்லியம் கிடைக்கும். அது புதருக்குப் போதும். கைப்பேசிகள் அமைவிடத்தைக் கணக்கிடப் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 (WGS 84) அளவை முறை என்பதையும், எத்தனை மீட்டர் பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு சீட்டின் இடப்பகுதி இப்படி அமையலாம்: “ஆந்திரா, சித்தூர் மாவட்டம், குப்பம் மண்டலம், இன்ன வருவாய்க் கிராமம், மேய்ச்சல் புறம்போக்கு, சர்வே எண் இன்னது, ஏரி மதகிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 800 மீட்டர், தெற்கு நோக்கிய பாறைச் சரிவு, செம்மண் கலந்த சரளை, விராலியும் களாவும் உடன் வளர்கின்றன, ஆடு மேயும் இடம்.” இத்தனை நீளம் தேவையா என்று தோன்றலாம். ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தச் சரிவைத் தேடி வருபவருக்கு இதில் ஒரு சொல்லும் மிகையாக இருக்காது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. செம்மரம், திருப்பதி மலைகளின் பெத்தோம் சைக்கஸ் போன்று கடத்தலுக்கோ அளவுமீறிய பறிப்புக்கோ ஆளாகும் தாவரங்களின் துல்லிய அமைவிடத்தை உலர்தாவரகத்தின் சீட்டில் மட்டும் வைத்து, இணையத்தில் வெளியிடும்போது ஒரு தசம இலக்கத்துக்குச் சுருக்கிவிடுங்கள். அது இடத்தைச் சுமார் 11 கிலோமீட்டர் அகலத்துக்குள் மறைத்துவிடும். இந்த இனங்களைச் சட்டப்படியான அனுமதியின்றி எடுக்கவே கூடாது.

பெயரிடுவதும் ஒப்படைப்பதும்

பெயர் தெரியாததற்காக மாதிரியை ஒதுக்கிவைக்க வேண்டாம். குடும்பம் வரை தெரிந்தால் குடும்பம், பேரினம் வரை தெரிந்தால் பேரினம் என்று எழுதி அனுப்பலாம். காம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த, 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த சென்னை மாகாணத் தாவர நூல் இன்றும் இனங்காணும் திறவுகோலாகப் பயன்படுகிறது. அதில் உள்ள பெயர்களை இன்றைய பெயர்களுடன் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். பிற்பாடு நிபுணர் ஒருவர் பெயரைத் திருத்தினால், புதிய பெயர், தம் பெயர், ஆண்டு ஆகியவற்றுடன் ஒரு சிறு சீட்டை அருகில் ஒட்டுவார். பழைய சீட்டைக் கிழிப்பதோ அடிப்பதோ கூடாது. முன்பு என்னவென்று கருதப்பட்டது என்பதும் பதிவின் ஒரு பகுதி.

இந்தியாவில் வழக்கமான தாள் ஏறத்தாழ 42க்கு 28 சென்டிமீட்டர். தடித்த கிளைகளை நூலால் தைத்து, மெல்லிய பகுதிகளைப் பசையால் ஒட்டி, உதிர்ந்த விதைகளையும் பூக்களையும் சிறு காகித உறையில் இட்டுத் தாளின் மூலையில் ஒட்டுங்கள். சீட்டு கீழ் வலப்பக்கம் வரும். வீட்டு அலமாரியில் வைத்த மாதிரி எத்தனை நல்லதானாலும் ஆய்வாளருக்கு எட்டாது. ஒரு படியைத் திருப்பதிக்கும் இன்னொன்றைக் கோவைக்கும் கொடுத்தால், ஓரிடத்தில் தீயோ பூச்சியோ அழித்தாலும் மற்றது மிஞ்சும். அனுப்பும் முன் அந்தந்த உலர்தாவரகத்தின் பொறுப்பாளருக்கு எழுதி, அவர்கள் எந்த வடிவில் ஏற்கிறார்கள் என்று கேளுங்கள். விவரங்களின் நகலொன்றை ஊராட்சியின் உயிரியல் பல்வகைமை மேலாண்மைக் குழுவுக்குத் தந்தால், அவர்கள் பேணும் மக்கள் பதிவேட்டில் அது சேரும்.

அரியதை மட்டும் தேடிப் போகாதீர்கள். சீமைக்கருவேலத்தையும் உன்னிச்செடியையும் அவை பரவியிருக்கும் ஒவ்வொரு புறம்போக்கிலிருந்தும் ஒரு கிளையாவது எடுத்துப் பதியுங்கள். அவை எந்த ஆண்டில் எந்தச் சரிவை எட்டின என்பதற்கு வேறு உறுதியான சான்று கிடைப்பதில்லை. இல்லாததை உலர்தாவரகத் தாளில் பதிய முடியாது என்பதால், பழைய சீட்டு ஒன்று சொன்ன இடத்தில் தேடியும் ஒரு செடி கிடைக்காவிட்டால், எந்த நாள், எவ்வளவு நேரம், எந்தப் பரப்பில் தேடினீர்கள் என்பதைக் களக்குறிப்பேட்டில் எழுதி, அந்தப் பக்கத்தின் நகலை மாதிரிகளோடு சேர்த்தே உலர்தாவரகத்தில் கொடுங்கள்.